வெளிச்ச மெஷினும் என் சந்தேகமும்

எனக்கு அந்தக் கடையின் கண்ணாடிக் கதவே பிடிக்கவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதபடி வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். ஒளித்து வைத்துச் செய்கிற வேலை எது நல்ல வேலையாக இருந்திருக்கிறது? ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டிய கடை வரிசை அது. கீழே கார் பேட்டரிக் கடை, மாடியில் இவர்கள். முகத்தில் இருக்கும் முடியையும் கரும்புள்ளியையும் வெறும் வெளிச்சம் அடித்தே போக்கிவிடுவார்களாம். என் வீட்டுக் கரப்பான்பூச்சி டார்ச் லைட்டுக்கே நகர்வதில்லை, இவர்கள் வெளிச்சத்துக்கு முடி உதிரப்போகிறதாக்கும் என்று படியேறும்போதே முணுமுணுத்தேன்.

"வாயை மூடிட்டு வாங்கம்மா, ப்ளீஸ்," என்றாள் என் மகள்.

நான் அப்படித்தான். பால் வாங்கினால் தேதியை மூன்று தடவை பார்ப்பேன். பெட்ரோல் ஊற்றும்போது மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள் என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாளில்லை. சொல்லட்டும். இத்தனை வருடத்தில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

மகள் விஷயம் வேறு. அவளுக்குப் பதினாறு வயதில் தாடையில் முடி முளைக்கத் தொடங்கியது. மெல்லிய பூனை முடி இல்லை, கறுப்பாக, முரடாக. ஹார்மோன் கோளாறு என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவள் நூல் கட்டி இழுத்தாள், பிடுங்கினாள், மெழுகு போட்டாள். முடி போகவில்லை. தாடை முழுக்கக் கறுத்துத் திட்டுத் திட்டாகப் போனதுதான் மிச்சம். நோய்த்தொற்றுக் காலத்தில் ஊரே மாஸ்க்கை எப்போது கழற்றுவது என்று காத்துக் கிடந்தது. இவள் ஒருத்திதான் கழற்றவே இல்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் மாஸ்க், ஆபீசில் மாஸ்க், சாப்பாட்டுக் கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவசர அவசரமாக நாலு வாய். தாடையில் யார் கையும் படக்கூடாது. பெற்றவள் நான், நானே கொஞ்சலாகத் தொடப் போனால் தட்டிவிடுவாள்.

ரெங்கம் ஊரிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. பையனிடம் இவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லையாம். அதையும் நான் சந்தேகப்பட்டேன், அது கிடக்கட்டும். அவனுக்கு இல்லாத கவலை இவளுக்கு இருந்தது.

"என் நிச்சயத்துல நான் மாஸ்க் இல்லாம, தலையைக் குனியாம நிக்கணும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்," என்றாள்.

அதற்காகத்தான் அந்தப் படியேறினோம்.

உள்ளே இருந்தது ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. கடை முதலாளி ஒரு சீன அம்மா, மெஷினைப் பிடிப்பது இந்தப் பெண். பழுப்பு நிறத்தில் பல கட்டங்கள் போட்ட ஓர் அட்டையை எடுத்து என் மகளின் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. சுவருக்குப் பெயிண்ட் எடுக்கும்போது அப்படித்தான் பார்ப்பார்கள்.

"என்னம்மா, என் பிள்ளை எவ்வளவு கறுப்புன்னு அளக்கறியா?"

"அய்யோ, அதுக்கில்லக்கா," என்றாள் அவள். "இந்த வெளிச்சம் கறுப்பைத் தேடித்தான் போகும். முடி கறுப்பா இருக்கறதாலதான் அதுல போய் இறங்கி வேரைச் சுடுது. தோலும் கறுப்பா இருந்தா அதுக்கு வித்தியாசம் தெரியாது, தோலையும் சுட்டுடும். அதான் நம்ம தோலுக்கு மெஷினைக் குறைச்சு வைக்கணும். அஞ்சாறு தடவை வர வேண்டியிருக்கும்லா."

வேலை செய்கிற மெஷின் என்றால் ஒரே தடவையில் செய்ய வேண்டியதுதானே, எதற்கு அஞ்சாறு தடவை? இதையும் மனதில் குறித்துக்கொண்டேன். அவள் என் மகளின் காதுக்குப் பின்னால் ஒரே ஓர் இடத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்த வாரம் வரச் சொன்னாள். அந்த நிதானம்கூட எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

ஒவ்வொரு தடவையும் நான் அறை மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். எனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுப்பார்கள். அந்தப் பெண் மகளின் தாடையில் குளிர்ந்த ஜெல்லைப் பூசி, மெஷினின் தலையை வைத்து அழுத்துவாள். பளீரென்று ஒரு வெட்டு. மூடிய கண்ணுக்குள்ளும் சிவப்பாகத் தெரியும். ரப்பர் பேண்டை இழுத்து விட்டது மாதிரி இருக்கிறது என்பாள் மகள். முடி பொசுங்கிய வாடை அறையில் நிற்கும்.

மெஷினைத் தொடும் முன்னால் அந்தப் பெண் தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள். "முகத்துல ஏதாச்சும் போட்டிருக்கீங்களா? க்ரீம், பவுடர், மேக்கப்?" கேட்டுவிட்டு ஈரப் பஞ்சால் தாடை முழுக்கத் துடைப்பாள். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழியை நம் தலையில் போடுவதற்கு இன்றைக்கே வழி செய்துகொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான்காவது தடவைக்குள் தாடை தெளிந்துவிட்டது. திட்டுகள் வெளுத்தன. பாதி முடி திரும்ப முளைக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக் கடையில், என் மகள் மாஸ்க்கைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, நிதானமாக இரண்டு தோசை சாப்பிட்டாள். தே தாரிக் டீ கிளாஸைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நல்லது நமக்கு நடக்காதே!

அதே வாரம் அந்தக் கடைப் பெண் வேறு வாயை வைத்தாள். "அலமாக், எவ்ளோ அழகாயிட்டாங்க பாருங்கக்கா! நிச்சயத்துல ஊர்க் கண்ணே இவங்க மேலதான்."

ஊர்க் கண்ணில் முதல் கண் அவளுடையதுதானே என்று எனக்குப் பட்டது. போதாததற்குப் பக்கத்து வீட்டு அம்மாவும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, என்ன பூசுகிறாள், என்ன பூசுகிறாள் என்று துளைத்தாள். நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நான் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் திருஷ்டிக்கு மைப்பொட்டு வைப்பது வழக்கம். மகள் வளர்ந்த பிறகு வைக்க விடவில்லை. சொன்னால் சிரிப்பாள், வைத்தால் அழித்துவிடுவாள். அதனால் சொல்லாமல் வைப்பது என்று தீர்மானித்தேன். கடைக்குப் போய், வியர்வைக்கும் தண்ணீருக்கும் அழியாத கண்மை கேட்டேன். மூன்று விதம் எடுத்துப் போட்டார்கள். எதையும் நம்பாமல் மூன்றையும் புறங்கையில் கோடு கிழித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எது கடைசி வரை போகவில்லையோ அதைத் திரும்பப் போய் வாங்கினேன்.

ஐந்தாவது தடவை போன அன்று, கடைக்குக் கீழே காரை நிறுத்தியதும் மகள் கைப்பேசியில் மூழ்கியிருந்தாள். "முடி ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, இரு," என்று கழுத்து முடியை ஒதுக்குவது போல ஒதுக்கி, இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில், சுண்டுவிரலால் அழுத்தமாக ஒரு பொட்டு. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

மேலே வழக்கமான கேள்வி. ஒன்றும் போடவில்லை என்றாள் மகள், உண்மையாகவே. அந்தப் பெண் துடைத்துக்கொண்டே வந்தாள். காதுக்குக் கீழே கை நின்றது. பஞ்சைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இங்க என்னமோ கறுப்பா வருதே, மேக்கப்பா?"

மகள் வாயைத் திறக்கும் முன்னால் நான் பாய்ந்தேன். "எங்க பிள்ளை மேக்கப்பே போடாது. பஸ் புகையா இருக்கும். என்னமோ எங்களைக் குளிக்காதவங்க மாதிரி கேக்கறே?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அப்புறம் இன்னும் இரண்டு தடவை துடைத்தாள். என் பொட்டைத் துடைத்துத் தொலைக்கிறாளே என்றுதான் எனக்குப் பதைப்பு. நான் எட்டிப் பார்த்தபோது மங்கலாக ஒரு நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது. போதும், திருஷ்டிக்கு அது போதும் என்று சமாதானமானேன். அவள் ஜெல்லைப் பூசினாள்.

மகள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எழுதக் கூசுகிறது. கண் வைத்தவளே கையும் வைத்துவிட்டாள் என்றேன். படிக்காதவளிடம் மெஷினைக் கொடுத்தது யார் என்று கத்தினேன். கைப்பேசியை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்தைப் படம் பிடித்து, ஊர் பூராவும் அனுப்புகிறேன் பார் என்றேன். அவள் என் மகளின் தாடையில் குளிர்ந்த துணியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். இனி இவள் மெஷினைத் தொட மாட்டாள் என்று என் முன்னாலேயே சொன்னார்.

கிளினிக்கில் டாக்டர் காயத்தைக் குனிந்து பார்த்தார். "மத்த இடமெல்லாம் நல்லா இருக்கு. இங்க மட்டும் அச்சுப் போட்ட மாதிரி வட்டமா சுட்டிருக்கே. இந்த இடத்துல என்ன இருந்துச்சு?"

நான் என் சுண்டுவிரலைப் பார்த்தேன். நகத்தின் ஓரத்தில் மை இன்னும் இருந்தது. வெளிச்சம் கறுப்பைத் தேடித்தான் போகும் என்று அந்தப் பெண் முதல் நாளே சொன்னது ஞாபகம் வந்தது. விரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மகள் வீட்டுக்குள்ளேயே மாஸ்க் போடத் தொடங்கினாள். சாப்பாட்டுத் தட்டை அறைக்கு எடுத்துப் போனாள். நிச்சயத்தைத் தள்ளி வைத்துவிடலாம் என்றாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மறுநாள் அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க சந்தேகம்தான்மா சரி. நான்தான் மடச்சி, அந்தப் பொண்ணை நம்பினேன்," என்றாள்.

அவள் பிறந்ததிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அது. கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். மை, கார், சுண்டுவிரல், பஸ் புகை. குழாயை மூடினேன்.

"அவங்க கேட்டாங்களேம்மா," என்றாள் பின்னாலிருந்து. "என்னையில்ல, உங்களைப் பார்த்துக் கேட்டாங்களே."

"பயத்துல செஞ்சிட்டேன்."

"கிளம்புங்க."

"எங்க?"

"கடைக்கு. எங்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லுங்க."

அந்தப் பெண் பின்னறையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். என் கையைப் பார்த்தாள். கைப்பேசி வைத்திருக்கிறேனா, படம் பிடிக்கிறேனா என்று பார்க்கிறாள் என்பது எனக்கு உடனே புரிந்தது. நான் உலகத்தைப் பார்க்கிற அதே பார்வை. அதை இன்னொருத்தி என் மேல் வைத்தபோது எவ்வளவு சுடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலாளியம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த மலாயில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லி முடித்தேன். மன்னித்துக்கொள் என்றேன். அந்தப் பெண் துண்டை மடித்த மடிப்பிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல இந்தப் பழக்கம் இல்லக்கா," என்றாள். "இருந்திருந்தா பஞ்சைப் பார்த்ததுமே மைன்னு கண்டுபிடிச்சிருப்பேன்." அப்புறம் அவள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு அன்னைக்கே டவுட்டு. நிறுத்தியிருக்கணும். உங்க வாய்க்குப் பயந்துக்கிட்டு அடிச்சிட்டேன்."

மறுவாரமே அவளை மெஷினில் திரும்ப உட்கார வைத்துவிட்டார்கள் என்று மகள் விசாரித்து வந்து சொன்னாள். அதற்கு மேல் என்னோடு பேசவில்லை.

நிச்சயம் குறித்த நாளிலேயே நடந்தது. தள்ளி வைக்க வேண்டாம் என்று அவளே சொன்னாள், ஏன் என்று சொல்லவில்லை. பொருக்கு உதிர்ந்துவிட்டது, காதுக்குக் கீழே கறுப்பாக, வட்டமாக ஒரு தழும்பு நின்றது. மாதக்கணக்கில் ஆகும், மெல்ல மங்கும் என்றிருந்தார் டாக்டர். மண்டபத்து அறையில் மேக்கப் போட வந்த பெண் அதை மறைக்கத் தூரிகையை எடுத்தாள். மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். மாஸ்க்கை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் தேடினேன். கைப்பையில் இல்லை, மேசையில் இல்லை. அவள் கொண்டே வரவில்லை.

வெளியே ரெங்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று. பட்டுப்புடவையில் அவள் எழுந்து நின்றபோது எனக்குள் அதே பழைய பயம். இத்தனை கண்! என்னை அறியாமல் என் சுண்டுவிரல் நீண்டுவிட்டது. மை இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பழக்கம்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். தட்டிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். தட்டவில்லை. என் விரலை இழுத்துத் தன் காதுக்குக் கீழே, அந்தத் தழும்பின் மேலேயே வைத்தாள்.

"வேற வேணாம்மா. நீங்க வச்சது இன்னும் போகல."

தழும்பு வழவழப்பாக, சூடாக இருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, திருட்டுத்தனம் இல்லாமல் என் மகளின் தாடையை நான் தொட்டது அன்றைக்குத்தான். அவள் என் கையை விட்டுவிட்டு, தலையைக் குனியாமல் வெளியே போனாள்.