எலுமிச்சை இலைக்குள் ஒரு புழு

யுத்தகாலம். தோணியின் இருட்டு அடியறைக்குள் இறங்கி உப்பு மூட்டை அடுக்குகிறவர் அவர். தோள் இரண்டும் உப்பில் வெந்திருக்கும். கரையேறியதும், நான் கணக்கெழுதும் உப்புக் கிட்டங்கி வாசலில் தகர டப்பாவில் வைத்திருந்த எலுமிச்சைக் கன்றின் இலையைப் புரட்டிப் பார்ப்பார். இலைத்தோலுக்கு அடியில் புழு தின்றுபோன வெள்ளைக்கோடு நீண்டிருக்கும்.

“நசுக்கிப் போடுதேன்,” என்றேன் ஒருநாள் எரிச்சலாக.

“வேண்டாம் அண்ணாச்சி. அது வெளிய வருமா?”

“அந்துப்பூச்சியா வரும். நாலு நாள் பறக்கும், முட்டையிடும், செத்துப்போகும்.”

“நாலு நாளும் வெளியதானா?” என்றார்.

புழு இலையோரத்தை மடக்கிக் கூடு கட்டிக்கொண்டது. பிறகொரு சாயங்காலம் கூடு காலி. அவர் சோர்ந்துபோய் வந்து குனிந்து பார்த்தார்.

“எந்தப் பக்கம் போச்சு அண்ணாச்சி?”

பகலெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நான் பார்க்கவில்லை.