பெண்கள் பக்கம் சிரிப்பதில்லையாம்

நாடகக் கொட்டகையில் நாற்காலி காட்டும் வேலையில் ஒன்பது சீசன் இருந்தவள் சொல்கிறேன்: பக்கத்து ஆள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் எப்போதும் நல்ல இடம்.

டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, முன்னால் இருப்பவரின் கொண்டையை மட்டும் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கழுத்தைச் சுளுக்கிக்கொண்டவர்களும் இருப்பீர்கள். உங்களை அங்கே உட்கார வைத்த பாவிகளில் நானும் ஒருத்தி. என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

கோடைக்கானல் கடைவீதிக்கு மேலே ஒரு தகரக் கூரை ஹால். ஸ்டேஜ் இருந்ததே தவிர, தரை ஒரே மட்டம். நடுவில் நடைபாதை, வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். சீசனுக்கு மதுரையிலிருந்து ஒரு கம்பெனி வந்து ஒரு மாதம் தங்கிச் சிரிப்பு நாடகம் போடும். குளிருக்குப் பயந்து நாலு மணிக்கே திரையைத் தூக்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அந்த ஹாலில் வாட்ச்மேன். பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று கேட்டதும் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். நம்பர் படிக்கத் தெரியும், கவலைப்படத் தெரியும். அந்த வேலைக்கு இரண்டும் போதும்.

காமிக்காரரின் குறை

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு சீசன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் புதுச் சமையற்காரன் என்று நினைத்து, மாமனார் அடுப்படியில் விட்டு வேலை வாங்கும் கதை. மாப்பிள்ளையாக நடித்த சிரிப்பு நடிகரை நாங்கள் எல்லாரும் காமிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தது. திங்கட்கிழமை கம்பெனி மானேஜர் என்னைத் தனியே அழைத்தார்.

"யக்கா, காமிக்காரருக்கு ஒரே கொறை. ஆம்பளைக பக்கம் கூரை இடியுது, பொம்பளைக பக்கம் எழவு வீடு மாதிரி கெடக்குங்கிறாரு. அவருக்குத் தொண்டை கட்டிப் போகுதாம். வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்பாராம். அப்பவும் சிரிக்கலேன்னா பொம்பளைகளைப் பின்னால பெஞ்சுக்குத் தள்ளிட்டு, முன்னால பூராவும் ஆம்பளைகளை உக்கார வைக்கணுமாம்."

இழவு வீட்டிலாவது சத்தம் இருக்குமே என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். பின்னால் பெஞ்சு என்றால் நான்கு தூண்களுக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் மாமனாரின் தலைப்பாகை தெரியும், மாப்பிள்ளையே தெரியமாட்டார். சீசனுக்கு ஒரு தடவைதான் எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டை விட்டு வந்து உட்காருவது. அதிலும் தூணைப் பார்த்துவிட்டுப் போவதா? போதாக்குறைக்கு, நம்பர் இல்லாத பெஞ்சுக்கு இடம் காட்ட ஆள் எதற்கு? என் வேலையும் அதோடு சரி. நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். மானேஜர் சொன்னார்:

"சிரிக்கச் சொல்லுங்கக்கா. டிக்கெட்ல அதுவும் சேத்திதானே."

மொட்டைக்குப் பின்னால்

கண்ணுக்குத் தெரிந்தால்தானே சிரிப்பு வரும் என்று நான் முதலில் கொண்டைகளைக் கவனித்தேன். சீசனுக்கு வரும் அம்மாக்கள் கொண்டையும் அதன்மேல் நாலு முழம் பூவுமாக வந்து உட்கார்ந்தால், பின்னால் இரண்டு வரிசைக்குச் சூரிய கிரகணம். அன்றைக்கு என் அதிர்ஷ்டம், பழனியில் முடி கொடுத்துவிட்டு அப்படியே மலைக்கு வந்த ஐந்து பெண்கள் டிக்கெட்டோடு வந்தார்கள். ஐந்தும் வழவழ மொட்டை, சந்தனம் காயவில்லை. முருகனே அனுப்பி வைத்தான் என்று அவர்களை இரண்டாவது வரிசையில் வரிசையாக உட்கார வைத்து, மூன்றாவது வரிசையில் வத்தலக்குண்டு அம்மா ஒருத்தரைக் கைப்பிடித்து உட்கார வைத்தேன். "இதைவிட நல்ல இடம் இந்த ஹால்லயே இல்லைங்க" என்று பெருமையாகவும் சொல்லிவிட்டேன்.

மொட்டைத் தலையில் கோடைக்கானல் காற்று எப்படி ஏறும் என்பதை யோசிக்காமல் போனேன். முதல் காட்சி முடிவதற்குள் ஐந்து பேரும் பையிலிருந்து துண்டை எடுத்துத் தலையில் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒரு சுற்று போதவில்லை, இரண்டாவது சுற்று. அதன்மேல் கம்பளி. கடைசியில் ஐந்து பேருக்கும் தலை பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. நாடகம் விட்டதும் வத்தலக்குண்டு அம்மா என் முன்னால் வந்து நின்று நிதானமாகச் சொன்னார்:

"நல்லா இருந்துச்சு தாயி. செகப்புக் கரை போட்ட துண்டு, ஓரத்துல ஒரு சின்னக் கிழிசல். நாடகம் எப்படின்னு பாத்தவுக யாருகிட்டயாவது கேட்டுக்கிறேன்."

கணப்பு

செவ்வாய்க்கிழமை இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. முதல் இரண்டு வரிசை காலி. டிக்கெட் எடுத்தவர்கள் எங்கே என்று பார்த்தால், எல்லாரும் ஏழாவது வரிசைச் சுவரோரம் கணப்புச் சட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருக்கிறார்கள், ஸ்டேஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முன் வரிசை டிக்கெட் வைத்திருந்த ஒரு செட்டிநாட்டு ஆச்சியிடம் போய், "உங்க இடம் முன்னால இருக்குங்க" என்றேன். "தெரியும் ஆத்தா. அங்கின கால் வெறைக்குது. கால் வெறைச்சா சிரிப்பு எங்கிட்டிருந்து வரும்?" என்று கையைத் தணலுக்கு நேராக நீட்டினார்.

நியாயம்தானே. மறுநாள் கணப்புச் சட்டியை நானே இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசைக்கு முன்னால், ஸ்டேஜுக்கு அடியிலேயே வைத்தேன். ஆட்கள் முன்னால் வந்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு வந்த கரி ஈரக் கரி. புகை கிளம்பி, காமிக்காரர் வேடிக்கையாகப் பேசப் பேச, மூன்று வரிசைப் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருந்தார்கள். இடைவேளையில் மானேஜர் ஓடி வந்தார்:

"யக்கா, சிரிக்கலேன்னுதானே சொன்னாரு. அழ வைக்கச் சொல்லலையே."

பூண்டு

அதே புதன்கிழமை, இடைவேளைக்குப் பிறகு. மேல்மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து உருளைக்கிழங்கு லோடோடு வந்த ஓர் அம்மா நாலாவது வரிசையில் இருந்தார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு, முகத்தில் வெயில் வாங்கிய கறுப்பு. நாடகத்தில் மாப்பிள்ளை பூண்டு உரிக்கும் இடம் வந்தது. ஒரு பல்லை உரிக்க அவர் படும் பாட்டுக்கு ஆண்கள் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் இந்த அம்மா முகத்தையே பார்க்கிறேன். சிரிப்பு வரும் வரும் என்றால், முகம் கடுகடுவென்று ஆகிறது. திடீரென்று எழுந்து நின்று, "ஏலே, நகத்தால நோண்டாதலே, வெரல் எரியும். உள்ளங்கையில வச்சு ஒரு நசுக்கு நசுக்கு" என்றார். ஹால் பூராவும் கேட்டது. காமிக்காரருக்கு அடுத்த வசனம் மறந்துபோய்விட்டது.

நான் ஓடிப்போய் அவரை உட்கார வைத்து, "எல்லாம் சிரிக்கிறதுக்காகச் செய்றதுங்க, நீங்களும் சிரிங்க" என்று கெஞ்சினேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எப்படித் தாயி சிரிக்க? ஒரு பூண்டு பூராவும் பாழாப் போச்சு. எவ குனிஞ்சு நட்டதோ."

மூடுபனி

வியாழக்கிழமை மழை. ஹாலின் மேற்குப் பக்கத்து ஜன்னலில் இரண்டு கண்ணாடி உடைந்திருக்கும். அட்டை வைத்து அடைத்திருந்தோம். அட்டை நனைந்து விழுந்துவிட்டது. ஐந்து மணி இருக்கும், மூடுபனி அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது. முதலில் விளக்குகள் மங்கின. பிறகு மாமனார் மறைந்தார். அப்புறம் ஸ்டேஜே இல்லை. என் கையில் இருந்த டிக்கெட் கட்டு எனக்குத் தெரியவில்லை. காமிக்காரர் பழக்கப்பட்டவர், நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். "உப்பு பாத்தியா?" என்று மாமனார் குரல் கேட்டது. டப்பா மூடி திறக்கும் சத்தம். "பாத்தேங்க. இருக்கு" என்றது மாப்பிள்ளையின் குரல்.

அப்போது கேட்டேன் ஒரு சிரிப்பு. இந்த ஜன்மத்தில் அந்த ஹாலில் கேட்டதில்லை. கொலுசை உதறிப் போட்ட மாதிரி ஒன்று, பானையை உருட்டின மாதிரி ஒன்று, மூச்சு வாங்கி வாங்கி ஒன்று. எல்லாம் என் பக்கத்திலிருந்து, பெண்கள் பக்கத்திலிருந்து. யார் முகமும் யாருக்கும் தெரியாது என்றதும் வாயைத் திறந்துவிட்டார்கள். ஐந்து நிமிஷம் அப்படியே போயிற்று. பனி கலைந்து நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவரவர் மாமனார், மைத்துனர், வீட்டுக்காரர் தலைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்ததும், அத்தனை முந்தானையும் வாய்க்குத் திரும்பிப் போய்விட்டது. சத்தம் நின்றது. ஆனால் நான் சும்மா இருக்காமல் அவர்கள் தோள்களைப் பார்த்தேன். சால்வைக்கு உள்ளே அவை குலுங்கிக்கொண்டே இருந்தன.

ஓடிப்போய் மானேஜரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை; ஆண்கள் பக்கம் இன்றைக்கு இரட்டைச் சிரிப்பு என்று காமிக்காரர் சந்தோஷப்படுவதாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், என் தோளில் தட்டிச் சொன்னார்:

"முன்சீட்டு பின்சீட்டுன்னு தெனமும் மல்லுக்கட்டுவியே, பாத்தியா? அல்லா ஒரு அஞ்சு நிமிசம் எல்லாத்தையும் ஒரே சீட்டாக்கிப்புட்டான்."

வெள்ளிக்கிழமை

இரவெல்லாம் புரண்டுவிட்டு, மறுநாள் மூன்று மணிக்கே ஸ்டேஜுக்குப் பின்னால் போனேன். காமிக்காரர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து மீசை ஒட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, பொம்பளைக சிரிக்கத்தான் செய்றாங்க. நீங்க காதால பாக்குறீங்க" என்றேன்.

"சிரிப்புன்னா சத்தம் வேணும்மா. சத்தத்தை வச்சுத்தான் நான் அடுத்த வசனத்தை எடுப்பேன்."

"உங்க வீட்டம்மா உங்க அப்பா முன்னாடி சத்தமாச் சிரிப்பாங்களா?"

மீசையைப் பிடித்தபடியே யோசித்தார். "அவ சிரிச்சே நான் பாத்ததில்லை."

"அவுக தோளைப் பாத்திருக்கீங்களா?"

பசை காய்ந்து மீசை விரலோடு வந்துவிட்டது. "போங்கம்மா, நேரமாச்சு" என்றார். போச்சு, கோபப்படுத்திவிட்டோம் என்று நான் வாசலுக்கு வந்து, தலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றேன். அன்றைக்கு என் கண்ணுக்கு எல்லாம் தப்பாகவே பட்டது. அந்த அம்மா ஏன் கொட்டாவி விடுகிறார், இந்தக் குழந்தை ஏன் இப்போது தண்ணீர் கேட்கிறது என்று ஒரே பதைப்பு.

உப்புக் காட்சி வந்தது. "பாத்தேங்க. இருக்கு" என்றார். ஆண்கள் பக்கம் இடித்தது. வழக்கமாக உடனே அடுத்த வசனத்துக்குப் போவார். அன்றைக்குப் போகவில்லை. உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பி, வாயைப் பார்க்காமல் சற்றுக் கீழே பார்த்தார். அத்தனை சால்வையும் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டம் அடங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வசனத்தை எடுத்தார். அப்புறம் ஒவ்வொரு வேடிக்கைக்கும் அப்படியே. கடைசிக் காட்சியில் பாதிக்கு மேல் எங்கள் பக்கம் பார்த்தே நடித்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "அண்ணே, இங்கிட்டும் ஆளுக இருக்கோம்" என்று குரல் கொடுக்கும்படி ஆகிவிட்டது.

நாடகம் முடிந்ததும் காமிக்காரர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. மப்ளரை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். அவர் மீசை எடுத்த முகத்தோடு எழுந்து நின்று சொன்னார்:

"பொம்பளைக எடம் பொம்பளைகளுக்கேம்மா, மானேஜர்கிட்டச் சொல்லிட்டேன். அம்புட்டுத் தோளும் ஆடுச்சு. தூணோரமா மப்ளர் கட்டிக்கிட்டு ஒரு அம்மா மட்டும் மூணு மணி நேரமும் அசையாம மொறச்சுக்கிட்டே நின்னாக, அவுகளை மட்டும் நாளையிலேருந்து பின்னால தள்ளிருங்க."

அந்த அம்மாவைப் பின்னால் அனுப்ப எனக்குக் கடைசி வரை மனசு வரவில்லை, ஏனென்றால் அவள் போய்விட்டால் மற்றவர்களுக்கு நாற்காலி காட்ட ஆள் இல்லை.