புற்றில் நட்ட இரண்டு கட்டைகள்

மரம் விற்கப் போகிறவனிடம் யாரும் முதலில் விலை கேட்கமாட்டார்கள். கரையான் அரிக்குமா என்றுதான் கேட்பார்கள். சாம்பிள் பையோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் மரவாடி ஒன்றில் எனக்கு அந்த வேலை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அரசாங்கம் கட்டுகிற இடமெல்லாம் போய், இரும்புக்குப் பதில் தோப்பில் வளர்த்த தைலமரத்தைப் போடுங்கள் என்று பேசவேண்டும். முதலாளி மரத்துக்கு மருந்து ஏற்ற ஒரு தொட்டியே கட்டியிருந்தார். ஒரு பெரிய கட்டடமாவது கிடைக்காவிட்டால் தொட்டியை மூடிவிட்டு இரும்புக் கதவு விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கடையில் எனக்கு இடம் இல்லை.

மரம் நடு விழா

ஆவடியில் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். போன பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு அங்கே மரக்கன்று நடுகிற விழா. பந்தல், மைக் செட், வரிசையாகக் குழி. நானோ அறுத்த மரத்துண்டை எடுத்து மேஜைமேல் வைக்கிறேன். கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

"தைலமரத்தை வெட்டினா அடியிலேருந்து திரும்பத் துளிர்க்கும் சார். இரும்பு துளிர்க்குமா? அதுக்கு உலையில எவ்வளவு எரிக்கணும்!" என்றேன். பேச்சு சரிதான், பேசின நாள்தான் தப்பு. குழி வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்: "கண்ணாலம் நடக்குற ஊட்ல வந்து சாவு மோளம் அடிக்கிறியே, நைனா!"

கைப்பிடி

நெமிலிச்சேரியில் ஒரு மருந்தகப் படிக்கட்டில், ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் மரத்தில் போட விட்டார்கள். மறுபக்கம் பழைய இரும்புக் குழாய். கத்திரி வெயிலில் ஒருநாள் அரசாங்கக் கட்டடம் கட்டுகிற இன்ஜினியர் டேனியலை அங்கே அழைத்துப் போனேன். லேசில் சிரிக்காத மனுஷர்.

முட்டிவலிக்கார அம்மா ஒருத்தர் மரத்தைப் பிடித்தபடி ஏறிக்கொண்டிருந்தார். "ஏம்மா, அந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு?" என்று டேனியல் கேட்டார். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இரும்பு சுடுது சார். இது யாரோ கூட வந்து கையப் புடிச்சிகினு ஏத்துற மாதிரி கீது."

புற்று

அந்த அம்மாவின் பேச்சு டேனியலை அசைத்துவிட்டது. கள்ளிக்குப்பத்தில் அவர் கட்டப்போகிற சமுதாயக்கூடத்தின் கூரைச் சட்டத்தை மரத்தில் போட யோசிப்பதாகச் சொன்னார். ஒரே சந்தேகம் கரையான். "கரையான் வீட்டுக்கே கொண்டுபோய் வை. ஒரு மழைக்காலம் போகட்டும், பார்க்கிறேன்."

கூடம் கட்டப்போகிற மனையின் மூலையில் ஒரு புற்று இருந்தது. ஆடி பிறக்குமுன் அதில் இரண்டு கட்டை நட்டேன். ஒன்று மருந்து ஏற்றினது, ஒன்று ஏற்றாதது. ஏற்றாதது அரித்துப்போய், ஏற்றினது நின்றால் நான் ஜெயித்தேன்.

ஆடி வெள்ளியன்று எட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் மஞ்சள், குங்குமம், மஞ்சள் துணி! எதிரே பால், முட்டை. முன்னால் நின்றவர் எதிரே இட்லிக்கடை வைத்திருந்த கன்னியம்மா. "இது சாம்பிள் கட்டைம்மா" என்றேன். "நேத்து வரிக்கும் சாம்பிளு. இன்னிக்குக் கை வெச்சிப் பாரு, தெரியும்!"

சோதனை

மழை ஓய்ந்து டேனியல் வந்தார். பிடுங்க விடமாட்டேன் என்று கன்னியம்மா குறுக்கே நின்றார். தட்டிப் பார்க்க மட்டும் சம்மதித்தார். டேனியல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாவிக்கொத்தால் தட்டினார். இரண்டும் கல் மாதிரி இருந்தன. கன்னியம்மாவும் தெருப் பெண்களும் வாராவாரம் பூசின மஞ்சளும் ஊற்றின வேப்பெண்ணெயும் கரையானை அண்டவே விடவில்லை. "மருந்து போடாததும் நல்லாத்தான்யா இருக்கு. இதை வெச்சு நான் என்னன்னு சொல்றது?" அவர் கேட்டது நியாயம்தான். தொட்டி மூடுகிற சத்தம் எனக்கு அப்போதே கேட்டுவிட்டது.

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட கன்னியம்மா விடவில்லை. "ஏன் சார், இரும்பு மட்டும் யாரும் பாக்காம நிக்குதா? அதோ, பால்வாடி ஜன்னலு துருப்புடிச்சித் தொங்குது, எவன் பாத்தான்? கூடம் எங்களுக்குத்தானே? நாங்க பாத்துக்குறோம், போடு."

டேனியல் மனையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பராமரிக்காமல் விட்ட கட்டடம் எதில் கட்டினாலும் விழத்தான் செய்யும் என்று அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்துச் சொன்னார்: "மருந்தும் ஏத்து. இந்த அம்மா சொன்னதையும் நான் நம்புறேன்."

கூரை ஏறியது, தொட்டி தப்பியது, நானும் தப்பினேன். வருஷாவருஷம் மழைக்கு முன்னால் அந்தப் பெண்களே ஆள் ஏற்றிச் சருகு தள்ளி, எண்ணெய் தடவ வைத்தார்கள். சைக்கிளில் அந்தப் பக்கம் நழுவப் பார்த்தால் இட்லிக்கடையிலிருந்து குரல் வரும்: "இன்னா மரக்காரே, மூலையில ஓடு நவுந்துகினு கீது, கண்டுக்காம போறியே?"

மரத்துக்கு மருந்து ஏற்றத் தொட்டி கட்டிவிடலாம். இப்படி அதட்ட ஒரு ஆளை மட்டும் எந்தத் தொட்டியிலும் முக்கி எடுக்க முடியாது.