ஏனாத்தூர் மேடையில் மகள் நிறுத்திய இடம்

ஏனாத்தூர் கல்லூரி விழாவில் என் மகள் பாடப்போகிறாள் என்றதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. பாடப்போவது இங்கிலீஷ் ராக் பாட்டு. உலகத்துக்கே தெரிந்த பாட்டாம். உள்ளறையில் அவள் பாடிப் பாடி, முன்னறையில் தறியில் உட்கார்ந்திருந்த எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. அர்த்தம்தான் தெரியாது.

அந்தப் பாட்டை டிரம்ஸ் அதிரக் கத்தித்தான் பாடுவார்களாம். இவள் டிரம்ஸே வேண்டாம், மெதுவாகப் பாடுகிறேன் என்று பிடிவாதமாக நின்றாள். கிடார் வாசிக்கும் பையனுக்கு இஷ்டமில்லை. கூட்டம் எழுந்து போனால் அடுத்த விழாவுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டான். உனக்கு ஏம்மா இந்த வம்பு என்று கேட்டேன்.

"போனவங்கள திரும்பி வான்னு கூப்புடற பாட்டுப்பா. கத்திக்கினு கூப்ட்டா யார் வருவாங்க?"

விழாவன்று வரதராஜப் பெருமாளுக்குத் துளசி வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்காரியோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஒற்றைக் கிடார் மெல்ல ஒலிக்க, ஊஞ்சலில் இருக்கும் பெருமாளுக்குப் பாடுவதுபோல ஆரம்பித்தாள். பின்னாலிருந்து பையன்கள் ஸ்பீடு, ஸ்பீடு என்றார்கள். ஒருத்தன் சத்தமாகக் கொட்டாவி விட்டான். அவள் அசரவில்லை. எல்லோரும் சேர்ந்து கத்தக் காத்திருந்த அடி வந்தது. பாதி பாடினாள், நிறுத்தினாள், மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிடார் பையன் அவளை முறைத்தான்.

மார்கழி விடியற்காலையில் எங்கள் தெரு பஜனையில் முன்பாட்டுக்காரர் நிறுத்தினால் மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். அந்தப் பழக்கத்தில் என் வாய் என்னைக் கேட்கவில்லை. மீதிப் பாதியை முழுத் தொண்டையில், பஜனைக் குரலில் பாடிவிட்டேன். கையும் தாளம் போட்டது. வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மானம் போவுது, உக்காருய்யா."

நான் எழுந்து நின்றதே அப்போதுதான் தெரிந்தது. பந்தலில் ஒரே சிரிப்பு. மகள் மட்டும் சிரிக்கவில்லை. அதே பாதியைத் திரும்பப் பாடி, திரும்ப நிறுத்தினாள். இந்தத் தடவை சிரித்த பையன்களே வாங்கினார்கள். கத்தாமல், அவள் விட்ட சுருதியிலேயே! அடுத்த தடவை பந்தல் முழுக்கப் பாடியது. கருடசேவையன்று பெருமாள் கோபுர வாசலைத் தாண்டும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு எனக்கு.

பாட்டு முடிந்ததும் கிடார் பையன் நேராக என்னிடம் வந்தான். அடுத்த விழாவுக்கும் அவள்தானாம்.

"நீங்களும் வந்துடுங்க அங்கிள், இதே சீட்ல."

பஸ்ஸில் வரும்போது மகளிடம், பாதியில் நிறுத்தும் வித்தையை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

"மார்கழி முழுக்க பஜன பாடி எங்க தூங்க வுட்டீங்கப்பா?"