செக்போஸ்ட் தாண்டும் பாட்டு

போன அக்டோபர் கடைசியில் எங்கள் விஜயநகர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் மாடியேறி வந்து, "மேடம், நவெம்பர் ஃபங்ஷனல்லி நம்ம சார் ஹாடலேபேக்கு" என்றார். நவம்பரில் வரும் கன்னட நாட்டு விழாவில் சார் பாடியே ஆகவேண்டுமாம். எழுபதுகளின் பாட்டுக்கென்று ஒரு மாலை ஒதுக்கி, பாட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது; சிரித்துக்கொண்டே காபி கலக்கப் போனேன். நான் தம்ளரோடு திரும்பி வருவதற்குள் என் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டியிருந்தார்.

அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. தெருவில் யாருக்கும் தெரியாது. ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் பழைய யூனிஃபார்ம் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காகத் தெருமுனையில் நின்றார். நான் ஓடிப்போய், "வாக்கிங் போலாம் வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். எதிரே வந்த பக்கத்து வீட்டம்மா, "ஏன் ஜோடி!" என்றாள்; என்ன ஜோடி என்று கேலி. நானும் வெட்கப்படுகிற மாதிரி நடித்தேன். அன்றிலிருந்து நடிப்புதான். குக்கருக்கு வார்த்தை வராமல் அவர் தடுமாறினால் நான் முந்திக்கொண்டு சொல்வேன். போனில் யார் என்று தெரியாமல் விழித்தால் ரிசீவரை வாங்கிவிடுவேன். அவர் நன்றாக இருக்கிறார் என்று ஊர் நம்ப வேண்டும். ஊர் நம்பினால் நானும் கொஞ்சம் நம்பலாம், அவ்வளவுதான் என் கணக்கு.

நரம்பு டாக்டர் ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "பேச்சு தடுமாறினாலும் பழைய பாட்டு ரொம்ப நாள் நிற்கும். பாட விடுங்க." அது உண்மைதான். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிற மனுஷன், ஐம்பது வருஷத்துப் பழைய பாட்டை முன்னிசையோடு, இடையில் வரும் அக்கார்டியனோடு, மூன்று சரணமும் பிசகாமல் பாடுவார்.

அந்தக் காலத்துப் பாட்டில் எத்தனை வகை! கவிதைக்கு மெட்டுப் போட்டு, ஆர்மோனியமும் புல்லாங்குழலும் மட்டும் வைத்துப் பாடுகிற கன்னட பாவகீதை. டிரம்பெட்டும் பாங்கோவும் முழங்க, நடுவே பெண்குரல் மூச்சு வாங்குகிற கிளப் டான்ஸ் பாட்டு; அது ரேடியோவில் வந்தால் என் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார், ஆனால் வாசலில் நின்று கேட்பார். கிடாரைத் தட்டிக்கொண்டு பாடுகிற இந்திப் பாட்டு. கைதட்டிப் பாடுகிற கவ்வாலி. காதலி போய்விட்டாள் என்று மழையில் நின்று பாடுகிற சோகப்பாட்டு. எழுபதுகள் முடியும்போது மின்சார மேளத்தோடு வந்து குதித்த டிஸ்கோ. இவையெல்லாம் ஏன் இன்னும் சாகவில்லை என்று பெரிய பெரிய ஆட்கள் என்னவெல்லாமோ சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். அப்போது பாட்டு நம் கையில் இல்லை. ரேடியோ எப்போது போடுமோ அப்போதுதான். ஒரு தடவை போடும், அந்த மூன்றரை நிமிஷத்துக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அடுத்த வாரமோ அடுத்த மாதமோ. அப்படி உயிரைக் கொடுத்துப் பிடித்தது எளிதில் விட்டுப்போவதில்லை. இப்போது போனில் எல்லாம் இருக்கிறது, அதனால் மனதில் எதையும் வைக்க வேண்டியதில்லை.

அவர் பதினெட்டு வயதில் கொள்ளேகால் பக்கத்து ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் பாடியவர். சொந்த ஊர் ஹனூர். அந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், சண்டை வந்தால் இரண்டும். ஆர்கெஸ்ட்ரா வேன் இந்தப் பக்கம் ஹனூர் வரைக்கும் திருவிழாக்களில் வாசிக்கும். மாதேஸ்வரன் மலை ஏறி இறங்கி, மாநில எல்லைச் செக்போஸ்ட் தாண்டி, மேட்டூர்ப் பக்கமும் போகும். ஒரே மெட்டில் கன்னடத்திலும் தமிழிலும் பாட்டு வந்த காலம் அது. அவருடைய நோட்டில் இடப்பக்கம் கன்னட வரிகள், வலப்பக்கம் அதே மெட்டுக்குத் தமிழ் வரிகள். செக்போஸ்ட்டில் வேன் நின்றதும் அக்கார்டியன்காரர், "இனி வலப்பக்கம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வாராம்.

மெட்டு ஒன்று என்பதால் நாக்குக்குக் குழப்பம் வரும். பல்லவியைக் கன்னடத்தில் தொடங்கி, சரணத்தில் தன்னையறியாமல் தமிழுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தப்புக்கு ஆர்கெஸ்ட்ராவில் வைத்த பெயர்தான் செக்போஸ்ட். யாராவது தாண்டினால், தடுப்புக் கம்பத்தைத் தூக்குகிற மாதிரி அக்கார்டியன்காரர் ஒரு விரலைத் தூக்குவார். பாடுகிறவர் சட்டென்று திரும்பி வந்துவிட வேண்டும். கல்யாணமான புதிதில் இவர் குளியலறையில் பாடும்போது தாண்டினால் நான் வெளியிலிருந்து, "செக்போஸ்ட்!" என்று கத்துவேன். அந்த வார்த்தை எங்கள் வீட்டில் வேறெதற்கும் பயன்பட்டதில்லை.

இன்னொரு வார்த்தையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆண்கள் அப்போது அபூர்வம். இவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் என் பேரை எழுதியிருக்கிறார், வாயால் சொன்னதில்லை. "ஏம்புள்ள"தான். முதல் வருஷம் தசராக் கூட்டத்தில் நான் வம்புக்கு இழுத்தேன்.

"ஏனுங்க, இந்தக் கூட்டத்துல நான் தொலைஞ்சு போனா எப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஏம்புள்ளன்னு கத்துனா நீ திரும்ப மாட்டியா?"

திரும்புவேன்தான்.

சரி, பயத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் மழை குறைவு. அணையின் நீர்மட்டத்தை டிவியில் தினமும் எண்ணாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். காவிரித் தண்ணீர்ப் பேச்சு வந்தாலே எனக்குப் பயம்தான். முன்பு ஒரு கெட்ட வருஷத்தில் தமிழ் வாரப்பத்திரிகையைக் காய்கறிப் பைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறேன். பஸ்ஸில் நானும் அவரும் எங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டோம். எங்களை இந்தத் தெருவில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பயத்துக்கு நியாயம் தெரியாது. கொடி கட்டிய மேடை, கன்னட நாட்டு விழா, அதில் இவர் பாதிப் பாட்டில் தமிழுக்குத் தாண்டிவிட்டால்? யாராவது கூச்சல் போட்டால் இவர் மேடையில் திகைத்து நிற்பார். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பார். அப்போது தெருவே பார்த்துவிடும். அந்த ஒரு காட்சி என்னைப் பத்து நாள் தூங்கவிடவில்லை.

அவர் பாட எடுத்த மூன்றில் ஒன்று அப்படிப்பட்ட ஒரே மெட்டு இருமொழிப் பாட்டு; அதை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. சரியென்று ஹாலில் பத்து நாளும் ஒத்திகை. அவர் சோபாவுக்கு முன்னால் நின்று பாடுவார், நான் எதிரே நாற்காலியில். இரண்டாம் சரணம் வந்ததும் நாக்கு வலப்பக்கம் சாயும். நான் ஒரு விரலைத் தூக்குவேன். அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கன்னடத்துக்குத் திரும்புவார். பத்து நாளும் திரும்பினார். அந்த விரலைத்தான் நான் நம்பினேன்.

விழா அன்று ஐந்து மணிக்கே போய் முதல் வரிசையில் நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணில் நான் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையில் ராஜா மாதிரி மேடை ஏறினார். முதலில் ஒரு பாவகீதை. கூட்டம் அடங்கிவிட்டது. பிறகு இந்திப் பாட்டு; பென்ஷன்காரர்களெல்லாம் காலால் தாளம் போட்டார்கள். மூன்றாவதாக அந்தப் பாட்டு.

பல்லவி கன்னடம். முதல் சரணம் கன்னடம். இடையிசை வந்தபோது அவருடைய விரல்கள் காற்றில் அக்கார்டியன் வாசித்தன. இரண்டாம் சரணத்தின் முதல் வரியிலேயே தாண்டிவிட்டார். கணீரென்று தமிழ்.

விரலைத் தூக்கினேன். அவர் பார்த்தார். என் விரலையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். பணிவாகத் தலையை அசைத்துவிட்டுத் தமிழிலேயே தொடர்ந்தார். நான் கையை இன்னும் உயர்த்தினேன். இரண்டாவது வரியும் தமிழ், மூன்றாவதும் தமிழ். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல் செயலாளரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் விசில் பறந்தது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஐடி கம்பெனிப் பெண்கள் சிலர் கூடவே பாட ஆரம்பித்தார்கள், சிலர் கன்னடத்தில், சிலர் தமிழில். பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டம்மா என் தோளை உலுக்கி, "எரடு பாஷெயல்லூ! ஏன் ஐடியா ரீ!" என்றாள். இரண்டு பாஷையிலும் வேண்டுமென்றே பாடினாராம், பெரிய யோசனையாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பத்து நாளாக எதற்குச் செத்துப் பிழைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். உயர்த்திய கையை அப்போதுதான் இறக்கினேன்.

அவர் மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். வியர்த்திருந்தார், முகம் பளிச்சென்று இருந்தது. என் முன்னால் நின்று கைகூப்பினார்.

"மேடம், ஒன்ஸ் மோர் கேளித்து நீவே அல்வா?" ஒன்ஸ் மோர் கேட்டது நான்தானே என்று கேட்டார்.

ஒரு விரல். எங்களுக்கு அது செக்போஸ்ட். மேடையில் நிற்கிற எந்தப் பாடகருக்கும், கூட்டத்தில் தெரியாத ஒருவர் தூக்கும் ஒரு விரல் என்றால் இன்னொரு தடவை பாடு என்று அர்த்தம். விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஏனுங்க, வெளாட்டா?" என்றேன் தாழ்ந்த குரலில்.

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது புரியாதது போல, ஆனால் மரியாதை குறையாமல், கொஞ்சம் குனிந்து கேட்டார். "நிம்ம ஹெசரு ஹேளி, மேடம். மைக்கல்லி ஹேள்தீனி."

பாட்டு கேட்டவரின் பேரை மைக்கில் அறிவிப்பது அந்தக் கால ஆர்கெஸ்ட்ரா வழக்கம். அதற்காக என் பேரைக் கேட்டு நின்றார். அவர் கண்ணுக்குள் என்னைத் தேடினேன். அங்கே ஒரு நல்ல பாடகர், ரசிகையைக் கண்ட சந்தோஷத்தில் காத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் தெரு உட்கார்ந்திருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. பேரைச் சொன்னேன். சரியாக உச்சரிக்க வேண்டுமே என்று அவர் ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு, படியேறிப் போனார்.

மைக்கைத் தட்டினார். ஒன்ஸ் மோர் கேட்ட ரசிகைக்கு நன்றி என்று சொல்லி, என் பேரைச் சொன்னார். நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. எல்லோரும் கைதட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். நானும், அந்தப் பேருக்காரி யாரோ என்று, பின்னால் திரும்பிப் பார்த்தேன்.