அறுக்கக் கூடாத நுனி

அகிலாவின் விரல்களில், இழை வழுக்காமலிருக்கத் தொட்டுக்கொள்ளும் சாம்பல் அப்பியிருந்தது. தறியில் சீப்புப் போன்ற அச்சில் தொங்கும் பழைய பாவின் நீளவாட்டு நூலிலிருந்து ஓர் இழை, புதுப் பாவிலிருந்து ஓர் இழை. சேர்த்து ஒரு திருகு, ஒரு மடக்கு, அடுத்தது. நெசவாளர் வீடுகளுக்குப் போய் இப்படிப் பாவு பிணைத்துக் கொடுப்பது பதினெட்டு வருடமாக அவள் தொழில். எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பவன் கணவன் குமரன்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவளுக்கு வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. வெந்நீர், தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. அப்படிப்பட்ட கைக்கு உருப்படியான மருந்து, செய்கிற வேலையைப் பாதியாக்குவதுதான். மீதிப் பாதிக்குச் சோறு வேண்டுமே என்று இரண்டு வருடமாகவே கம்ப்யூட்டர் படித்து வந்தாள். கீபோர்டும் கைக்கு வேலைதான். ஆனால் நடுவில் எழுந்து நடக்கலாம்.

பள்ளித் தோழி ஷாரோன், தான் வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனியில், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு ஒரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தாள். மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கருவிக்குக் கம்பைலர் என்று பெயர். அதன் மூல நிரலைக் கொடுப்பார்கள். அகிலா தன் கணினியைத் தயார் செய்து, அந்த நிரலிலிருந்து ஓடக்கூடிய கம்பைலரை அதிலேயே கட்டிக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இணையம் வழியே பார்ப்பார்கள். ஓடினால் வேலை, ஓடாவிட்டால் வேறு ஆள்.

அகிலா சுத்தக்காரி. புதன்கிழமை கணினியைத் துடைத்து வைத்தாள். பழைய படங்கள், பழைய நிரல்கள் எல்லாம் போயின. புதுசு வரும்போது பழசு எதற்கு என்று, அதில் இருந்த பழைய கம்பைலரையும் நீக்கினாள். வியாழன் காலை கட்டளை கொடுத்ததும் ஒரே வரியில் நின்றுவிட்டது: கம்பைலர் இல்லை. மூன்று முறை கொடுத்துப் பார்த்தாள். அதே வரி. பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

“மூஞ்சி ஏன் இப்டி இருக்குது?” என்றான் குமரன்.

“கம்பைலர் கட்டத்தான சொன்னாங்க? கட்டப் போனா, கம்பைலர் எங்கன்னு என்னையே கேக்குதுங்க. இருந்தா நான் ஏன் கட்டிக்கினு இருக்கேன்?”

“முன்ன ஒண்ணு இருந்துதே?”

“பழசுதானன்னு எடுத்துட்டேன்.”

குமரன் இழையை நீட்டியபடியே சிரித்தான். “அடிப்பாவி, பாவு பிணைக்கிறவளே பழைய நுனிய அறுத்துப் போட்டுட்டியா?”

அவள் கை நின்றது.

ஒரு பாவு நெய்து முடிந்தாலும் நெசவாளர் அதை அடியோடு அறுத்து எடுப்பதில்லை. அச்சில் கொஞ்சம் விட்டுவைப்பார். அந்த நுனியில் பிணைத்து இழுத்தால்தான் புதுப் பாவு உள்ளே வரும். புதுக் கம்பைலரும் மனிதர் எழுதிய நிரல்தானே? அதை மாற்றிக் கொடுக்க முன்னாலேயே ஒன்று இருந்தாக வேண்டும்.

“என்னாமா, கை நின்னுபோச்சு?” தறிக்காரர் சபாபதி எட்டிப் பார்த்தார். “பாவு இன்னைக்கு ஆவுமா?”

“நாலு மணிக்குள்ள ஆவும்ணா. வூட்ல எனக்கு இன்னொரு பாவு காத்துக்கினு இருக்குது.”

சாயங்காலம் கைகழுவிவிட்டு உட்கார்ந்தாள். பழைய கம்பைலரைத் திரும்பப் பதிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவசரத்தில், புதுசைக் கட்டும் வேலையை எட்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யும்படி கட்டளை கொடுத்தாள். நினைவகம் போதாமல் கணினி உறைந்துபோனது. நிறுத்தி, இரண்டாகக் குறைத்துக் கொடுத்ததும் ஒழுங்காக நகர்ந்தது. டேபிள் ஃபேனைச் சூடேறிய கணினிப் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டு, சாப்பிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்குத் திரையில் வேலை முடிந்திருந்தது. ஐந்து வரியில் ஒரு நிரல் எழுதி, புதுக் கம்பைலரிடம் கொடுத்தாள். ஓடியது. பத்து மணிக்குக் கம்பெனிக்காரர் அதையே செய்து பார்த்தார். பாராட்டெல்லாம் இல்லை, திங்கட்கிழமை ஆரம்பிக்கச் சொன்னார். அடுத்து வரும் ஆளுக்காக, கணினியைத் தயார் செய்யும் முறையை வரிசையாக எழுதித் தரவும் சொன்னார்.

அகிலா அப்போதே உட்கார்ந்து எழுதினாள். முதல் வரி: ‘பழைய கம்பைலரை நீக்காதீர்கள்.’ அனுப்பிவிட்டு, மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, ஓரிக்கை ஊரில் ஒப்புக்கொண்ட பாவுக்குக் குமரனோடு கிளம்பினாள்.