அந்தத் தாளில் இருந்த ஆள்

"சத்தமா வாசிங்க" என்கிறார் ஜலீலா. எதிரில் இருப்பவர் தன் பயோடேட்டாவை வாசிக்கிறார். இரண்டாவது வரியிலேயே நாக்கு தடுமாறுகிறது. "போதும், நிறுத்துங்க. இதுக்கு என்ன அர்த்தம்?" தெரியவில்லை. "அப்ப இது இங்க எந்தினு? எதுக்கு?" பேனாவால் ஒரு கோடு. பத்து நிமிடத்தில் பெயரும் போன் நம்பரும்தான் மிஞ்சும். அதற்குப் பிறகே கேள்வி வரும்: "கடைசியா வேலைக்குப் போன அன்னிக்கு, உள்ள போனதும் மொதல்ல எதத் தொட்டீங்க?"

கொச்சியில், மட்டாஞ்சேரி கப்பலண்டிமுக்கில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய அறை. வயது ஐம்பத்திரண்டு. எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை; ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடம் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தார். விண்ணப்பங்களைச் சலித்துத் தள்ளும் மென்பொருள் வந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். தமிழில் கையெழுத்துப் போடச் சொன்னால் கூசுவார். சாயாவை ஆறவிட்டு, ஆடை படிந்த பிறகே குடிப்பார். போனில் யாராவது 'ஆள் வேணும்' என்றால் எழுந்து நின்றுதான் பேசுவார்.

வேலை போன பத்திரிகைக்காரனாக அவரிடம் போய் உட்கார்ந்தவன் நான். இசக்கிதுரைக்கு நடந்தது எனக்குத் தெரியும். அதில் எனக்கும் பங்கு உண்டு.

இசக்கிதுரைக்குத் திருநெல்வேலிப் பக்கம். போர்ட் கொச்சியில் ஒரு ஓட்டலில், துணி வெளுக்கிற இடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். ஓட்டலை மூடிவிட்டார்கள். மகள் போனிலேயே எண்பது இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினாள். ஒரு பதிலும் இல்லை. அவர் டீச்சரிடம் வந்த அன்று மாடிப்படி முழுக்கக் கூட்டம். "ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்தான்?" என்று படியிலிருந்து குரல் கொடுத்தவன் நான்.

அன்று ஜலீலா அவரை எதுவும் கேட்கவில்லை. பெயரையும் பழைய ஓட்டலையும் ஏஐயிடம் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் ஆங்கிலத்தில் தாள் வந்தது: தலைமைப் பண்பு, பெரிய குழுக்களை நடத்திய அனுபவம், சரளமான ஆங்கிலம். இசக்கிதுரை அதைப் படிக்கத் தெரியாமல், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜலீலா அதை ஓட்டல்களுக்கு அனுப்பினார்; சலிக்கிற மென்பொருளுக்குத் தாள் பிடித்துவிட்டது. நான்காம் நாள் இடப்பள்ளியில் ஒரு பெரிய ஓட்டலிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு. மனைவி பேச்சியம்மாள் அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அங்கே மூன்று பேர் ஆங்கிலத்தில் கேட்டார்கள். இவர் விழித்தார். ஒருவர் தாளை உரக்கப் படித்துக் காட்ட, மற்ற இருவரும் சிரித்தார்களாம்.

நேராக மாடியேறி வந்தார். "டீச்சரே, இதுல இருக்க ஆளு ரொம்ப நல்லாத்தான் இருக்காரு. எனக்குத்தான் அவரத் தெரியல. பொய் சொல்லிட்டு வந்தவன்னு நெனச்சிட்டாவ."

"இப்ப எல்லாரும் இப்படித்தானே எழுதி வைக்கிறாங்க, அண்ணாச்சி" என்றார் ஜலீலா.

இசக்கிதுரை தாளை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஜலீலா அறையைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் சுள்ளிக்கலில் இசக்கிதுரை வீட்டைத் தேடிப் போனோம். அந்தப் பக்கம் எனக்குத் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார். ஜலீலா செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, பேச்சியம்மாளிடம் சொன்னார்: "அண்ணாச்சி பொய் சொல்லல. அத எழுதுனது நான்தான். அவரு வந்து சொன்னப்பவும் என் தப்ப நான் ஒத்துக்கல."

பேச்சியம்மாள் உள்ளே வரச் சொல்லவில்லை. "இத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சிரிச்சவங்ககிட்டல்லா போயிச் சொல்லணும்?"

ஜலீலா போனார். இடப்பள்ளி ஓட்டலில் காலையிலிருந்து மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒரு அதிகாரி வந்து நின்றபடியே கேட்டுக்கொண்டு, சிரித்த முகமாகச் சொன்னாராம்: "இதையெல்லாம் நாங்க கணக்கில எடுக்கிறதேயில்ல மேடம். தினமும் நூறு பேர் இந்த மாதிரித் தாளோடதான் வர்றாங்க." அதைத் திரும்பச் சொல்லும்போது ஜலீலா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு மூன்று மதியங்கள் இசக்கிதுரையோடு உட்கார்ந்தார். முதல் நாள் அவர் பிடிகொடுக்கவில்லை. "என்னத்தச் சொல்ல? துணி வெளுத்தேன்."

"என்ன துணி? என்ன கறை?"

"எல்லாக் கறையுந்தான். மஞ்சளுக்கு வெயிலு. ரத்தம்னா பச்சத்தண்ணிதான், சுடுதண்ணி பட்டா அப்படியே பிடிச்சிக்கிடும். புதுப் பயலுவ அங்கதான் கெடுப்பானுவ."

"அத்தன பேருக்கும் யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நாந்தான். வேற யாரு?"

கேட்கக் கேட்க அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மழைக்காலத்தில் நாற்பது அறைகளின் விரிப்புகளை வாடையில்லாமல் காயவைத்த கதை வந்தது. பழுதான இஸ்திரி இயந்திரத்தைத் தானே சரிசெய்ததும் வந்தது. எல்லாமாகச் சேர்ந்து மலையாளத்தில் அரைப் பக்கம். அதை வாசித்துக் காட்டியபோது, "ஆமா, இது நாந்தான்" என்றார் இசக்கிதுரை.

அதை எந்த இணையதளத்திலும் ஏற்றவில்லை. தனக்குத் தெரிந்த பழைய ஆட்களைத் தேடித்தேடிப் போன் செய்தார் ஜலீலா. பன்னிரண்டாவது போனில், எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஆள் வேண்டும் என்றார்கள். இருவரும் படகில் போனார்கள். அங்கிருந்தவர் ரத்தக்கறை பட்ட ஒரு விரிப்பைக் கொடுத்துச் சுடுதண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். இசக்கிதுரை அதைத் தாண்டிப் போய்ப் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தார். பழைய வேலையைவிடச் சின்ன வேலைதான். மறுநாளே சேர்ந்துவிட்டார்.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அவர் மாடியேறி வந்தபோது பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தோம். எல்லோருக்கும் கேட்கும்படி, "டீச்சராலதான் எனக்கு வேல கெடச்சுது" என்றார்.

"அதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லுங்க, அண்ணாச்சி."

"அதெல்லாம் என்னத்துக்கு, டீச்சரே?" என்று சொல்லி அவர் சும்மா சிரித்தார்.

ஜலீலா தலையில் போட்டிருந்த தட்டத்துணியின் முனையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.